ஜூலை மூன்றாம் தேதிக்காகச் சிறை சென்றேன்

1967 மார்ச் 28, செவ்வாய்க்கிழமை, காலை எட்டரை மணி. ஒன்பதாயிரம் பையன்கள் வந்து பட்டாளத்துக்குப் பெயரைப் பதிய வேண்டும் என்று சிங்கப்பூர் அரசாங்கம் கதவைத் திறந்து வைத்தது. அதில் எட்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேரைப் பற்றி எனக்கு ஆட்சேபம் கிடையாது. மிச்சம் ஒருவன். பெயர் ஜெகதீசன். என் மகன்.

எழுதிக்கொண்டீர்களா? மெதுவாக எழுதுங்கள், அவசரமில்லை. சமூக மன்றத்து இருபதாம் ஆண்டு மலர் என்கிறீர்கள். தேசிய சேவை தொடங்கிய வருடம் இந்த வட்டாரத்தில் பதிய மறுத்தவர் யாராவது உண்டா என்று கீழே கடைக்காரரிடம் கேட்டிருக்கிறீர்கள். அவர் இந்த வீட்டைக் காட்டியிருக்கிறார். சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள் அம்மா. மறுத்தது நான். தெய்வசிகாமணி, முதலெழுத்து கோ. பதினெட்டு வயதுப் பையன்களுக்குப் போட்ட சட்டத்தை நாற்பத்தாறு வயதில் எதிர்த்தவன் இந்தத் தீவில் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். வேறு யாராவது அகப்பட்டால் அவரையும் போடுங்கள். எனக்குப் பொறாமை இல்லை.

சமையலறையில் பாத்திரம் விழுந்தது கேட்டதா? அது பாத்திரம் இல்லை, கருத்து. என் மனைவி சௌந்தரம் அப்படித்தான் கருத்துச் சொல்வாள். அதை எழுத வேண்டாம்.

என் தொழில் மனு எழுதுவது. ஜப்பான் சண்டை முடிந்த மறுவருடத்திலிருந்து சிராங்கூன் சாலையில் ஒரு துணிக்கடை வாசலில் மேசை போட்டு, டைப்ரைட்டர் வைத்து உட்கார்ந்திருந்தேன். துறைமுகத்துக்காரன் லீவு கேட்க வேண்டுமா, விதவை உதவித்தொகை கேட்க வேண்டுமா, ஊரிலிருந்து பெண்டாட்டியை வரவழைக்க வேண்டுமா, எல்லாரும் என்னிடம்தான் வருவார்கள். என் மனு எதுவும் நான்கு பக்கத்துக்குக் குறைந்ததில்லை. என் மனுக்களைத் தொடர்ந்து படித்த இரண்டு அதிகாரிகள் வேறு இலாகாவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார்கள். பதவி உயர்வாகத்தான் இருக்கும்.

சட்டத்துக்கு வருகிறேன். 1949 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஜூன் 30 வரை பிறந்த ஆண்கள் ஏப்ரல் 18க்குள் பதிய வேண்டும். பதியாவிட்டால் ஆறு மாதம் சிறை, அல்லது இரண்டாயிரம் வெள்ளி அபராதம், அல்லது இரண்டும். பத்திரிகையில் அப்படியே போட்டிருந்தார்கள். நான் ஜெகதீசனின் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். ஜூன் 30 என்று இருந்தது. கடைசி நாள். ஒரே ஒரு நாள் தள்ளிப் பிறந்திருந்தால்கூடத் தப்பித்திருப்பான்.

அவன் தள்ளித்தான் பிறந்தான். மூன்று நாள் தள்ளிப் பிறந்தான். ஜூலை 3, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. நான் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். உள்ளே போய்ப் பஞ்சாங்கத்தைப் புரட்டினால் அன்றைக்கு அஸ்தம். அஸ்தத்தில் பிறந்தவன் என்ன ஆவான்? நல்ல கணக்கப்பிள்ளை ஆவான். அப்படியே இரண்டு பக்கம் முன்னால் தள்ளிப் பார்த்தேன். வியாழக்கிழமை மகம். மகத்தில் பிறந்தவன் ஜகத்தை ஆள்வான் என்பது உங்களுக்கும் தெரியும். மூன்றே மூன்று நாள். பிள்ளைக்கு அப்பன் செய்யக்கூடிய உதவி இது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துப் பிறப்பெல்லாம் போலீஸ் நிலையத்தில்தான் பதிவார்கள். அங்கே இருந்த போலீஸ்காரர் "எப்பப் பொறந்துச்சு?" என்று கேட்டார். "ஜூன் முப்பது" என்றேன். எழுதிக்கொண்டார். பெயரும் அதற்குத் தகுந்தபடி ஜெகதீசன் என்று வைத்தேன்.

நான் பொய் சொன்னதாக நினைத்துவிடாதீர்கள். நடக்காததைச் சொன்னால்தான் பொய். பிறப்பு நடந்தது. அதைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன், அவ்வளவுதான். வாழ்நாளில் நான் பொய் சொன்னதே இல்லை. சௌந்தரம் மட்டும் அப்போது கேட்டாள்.

"வியாழக்கெழமை நான் துணி தொவைச்சேங்க. புள்ள பெக்கல."

"ரெண்டும் பண்ணுன. உனக்கு மறந்துபோச்சு" என்றேன்.

அவள் அதை இன்றைக்கும் மறக்கவில்லை. ஒவ்வொரு வருடமும் ஜூன் 30இல் நான் கோயிலில் அர்ச்சனை செய்வேன், ஜூலை 3இல் அவள் பாயசம் வைப்பாள். பையனுக்கு இரண்டு பக்கமும் லாபம். பதினெட்டு வயதில் அவன் ஒரு லாரிப் பட்டறையில் நட்டு முடுக்கிக்கொண்டிருந்தான். ஜகத்தை ஆளத் தொடங்கவில்லை. கிரகங்கள் பொறுமையானவை.

அந்த மார்ச் மாதம் செய்தி வந்த அன்று சாயங்காலம் வீட்டில் பேச்சு நடந்தது. சௌந்தரத்தின் தம்பி பக்கிரிசாமியும் இருந்தான். பக்கத்துத் தெருவில் ஆறு மாடு வைத்துப் பால் வியாபாரம் செய்தவன். எங்கள் வீட்டில் எந்தப் பேச்சு நடந்தாலும் அவன் பால் கொடுக்க வந்த மாதிரி வந்து உட்கார்ந்துகொள்வான்.

"அரை மணி நேர வேலைப்பா. காலையில போய்ப் பதிஞ்சிட்டு அப்படியே பட்டறைக்குப் போயிடறேன்" என்றான் ஜெகதீசன்.

"நீ எதுக்குடா பதியணும்? நீ ஜூன்ல பொறக்கவே இல்ல."

"சர்டிபிகேட்ல அப்படித்தானே இருக்கு."

"சர்டிபிகேட் தப்பு."

"யாரு தப்பா எழுதுனது?"

பக்கிரிசாமி கூரையைப் பார்த்தான். சௌந்தரம் என்னைப் பார்த்தாள்.

"அப்ப தப்புன்னு சொல்லிட்டா முடிஞ்சிது" என்றான் பையன்.

"சொன்னா என்னைப் புடிப்பான்."

"சொல்லலன்னா என்னைப் புடிப்பான்."

"உன்னை எப்படிடா புடிப்பான்? நீதான் ஜூன்ல பொறக்கவே இல்லையே."

இதில் என்ன குழப்பம் இருக்கிறது, சொல்லுங்கள். பக்கிரிசாமிக்குக் குழப்பமாக இருந்ததாம். "அத்தான், இதைக் கேட்டா எங்க செவலைப் பசுவுக்குக்கூடத் தலை சுத்தும்" என்றான். அவனுக்குப் படிப்பு இல்லை. நான் பிறப்புச் சான்றிதழைத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து மூன்று வாரம் அந்தப் பெட்டியின் மேல் தலை வைத்துத்தான் தூங்கினேன். கழுத்து இன்றைக்கும் இடது பக்கம் திரும்பாது.

அடுத்து மனுக்கள். உண்மைக் காரணத்தை எழுத முடியாது, ஆகவே வேறு உண்மைகளை எழுதினேன். முதல் மனுவில், இந்தப் பையன் ஒரு வேளை சாப்பிட முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்வான், யுத்தம் அவனுக்காகக் காத்திருக்காது என்று சொல்லியிருந்தேன். இரண்டாவதில், தூங்கினால் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டான், பீரங்கியை அவன் பக்கத்தில் வெடிக்க வைத்தால் வெடிமருந்துதான் வீண். மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது. அவன் இடது கைக்காரன். துப்பாக்கிகள் வலது கைக்காரர்களுக்காகச் செய்யப்படுகின்றன. புதிதாகச் சுதந்திரம் பெற்ற நாடு ஒருவனுக்காக இடது கைத் துப்பாக்கி வாங்கி வீண்செலவு செய்யக் கூடாது என்று தேசப்பற்றோடு எழுதினேன். இப்படிப் பத்து மனு. பத்துக்கும் பதில் வந்தது. ஒரே மாதிரி அச்சடித்த அட்டை. "தங்கள் கடிதம் கிடைத்தது. கவனிக்கப்படுகிறது."

"பாத்தியா? கவனிக்கிறான். ஆட்டம் கண்டுடுச்சு" என்று பக்கிரிசாமியிடம் காட்டினேன்.

"ஆமா அத்தான். அட்டை ஸ்டாக்கு தீந்துபோயிருக்கும்" என்றான்.

பேனாவைக் கொஞ்சம் கீழே வையுங்கள். ஒன்று சொல்கிறேன், மலருக்கு வேண்டாம். ஜப்பான்காரன் காலத்தில் நாங்கள் ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். சயாமில் ரயில் பாதை போட ஆள் எடுக்கிறார்கள், மூன்று மாத வேலை, அரிசி உண்டு என்று சொன்னார்கள். தோட்டத்தில் அழகாக எழுதத் தெரிந்தவன் நான். பெயர்ப் பட்டியலை என்னிடம்தான் கொடுத்தார்கள். இருபத்திரண்டாவது பெயர் என் தம்பி சபாபதி. பத்தொன்பது வயது. நான்தான் எழுதினேன். அந்தப் பட்டியலில் நான்கு பேர் திரும்பி வந்தார்கள். அவன் வரவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. சும்மா ஞாபகம் வந்தது. பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கே விட்டேன்? ஏப்ரல் 18. கடைசி நாள் வந்து போய்விட்டது. இனிமேல் கைது. பையனைப் பிடிக்க வந்தால், மறுத்தவன் நான், என்னைக் கொண்டுபோங்கள் என்று சொல்வதாக முடிவு செய்தேன். 19ஆம் தேதி அதிகாலையில் குளித்து, கோட்டுப் போட்டு, பை கட்டி வைத்தேன். இரண்டு வேட்டி, ஒரு துண்டு, பஞ்சாங்கம், எலுமிச்சை ஊறுகாய், கார்பன் தாள் ஒரு கட்டு. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. எதிர்வீட்டுச் சீனக் கிழவர் இரண்டு கமலா ஆரஞ்சு கொடுத்தார். என்ன விசேஷம் என்று அவருக்குத் தெரியாது, கோட்டைப் பார்த்துக் கொடுத்துவிட்டார். பக்கிரிசாமி ஒரு ரோஜா மாலையே வாங்கி வந்தான்.

"எதுக்குடா மாலை?"

"போலீஸ் வண்டி வந்தப்புறம் மார்க்கெட்டுக்கு ஓட முடியாதுல்ல அத்தான்."

அன்றைக்கு யாரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் அந்த ரோஜா மாலை வாடிவிட்டது, பக்கிரிசாமி அதை மாட்டுக்குப் போட்டான். ஜெகதீசன் தினமும் என்னைத் தாண்டித்தான் பட்டறைக்குப் போவான். ஏதோ சொல்ல வருவான். சௌந்தரம் உள்ளேயிருந்து "நேரமாச்சுடா" என்பாள். போய்விடுவான். பயந்திருக்கிறான், பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காம் நாள், சனிக்கிழமை, ஒரு போலீஸ்காரர் வந்தார். ஹம்சா என்று பெயர், மலாய்க்காரர், நல்ல மனிதர். சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். நான் எழுந்து இரண்டு கையையும் சேர்த்து நீட்டினேன். அவர் ஒரு கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நான் தயார்" என்றேன். மலாயில்தான் பேசினோம்.

"எதற்கு?"

"போவதற்கு. ஆனால் சைக்கிள் பின்னால் உட்கார்ந்து வர மாட்டேன். கைதியாக இருந்தாலும் நான் எழுத்து வேலைக்காரன். வண்டி அனுப்பச் சொல்லுங்கள்."

அவர் என் கோட்டைப் பார்த்தார், பையைப் பார்த்தார். "ஊருக்குப் போகிறீர்களா?"

"சிறைக்கு."

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு குறிப்பேட்டை எடுத்தார். "அது உங்கள் விருப்பம். நான் வந்தது ஒரு செவலை மாட்டைப் பற்றி விசாரிக்க. பெரிய சாலையில் பேருந்தை மறித்துக்கொண்டு படுத்திருக்கிறது. யாருடையது?"

பக்கிரிசாமி பின்பக்கமாக ஓடிவிட்டான். நான் என் வழக்கை முழுவதும் ஹம்சாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "பதிவு நிலையத்தில் போய்க் கேளுங்கள், எனக்கு மாடு மட்டும்தான் உத்தரவு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அரசாங்கம் வரப் பயப்படுகிறது என்றால் நாம்தானே போக வேண்டும்? திங்கட்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே மேசையில் திரு. கனகரத்தினம் என்ற அதிகாரி இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். மூக்கு நுனியில் கண்ணாடி, மேசையில் ஒரு தூசி இருக்காது.

"நான் தெய்வசிகாமணி. சரணடைய வந்திருக்கிறேன்."

"அந்தப் பத்து மனுவும் நீங்கள்தானோ?" என்று எழுந்தே நின்றுவிட்டார். மரியாதை தெரிந்தவர். "இடது கைத் துப்பாக்கி? இருங்கோ ஐயா, இருங்கோ. என்ன சரண்?"

"என் மகன் ஜெகதீசன் பதியவில்லை. பதிய விடாதவன் நான்."

அவர் ஒரு பெரிய பதிவேட்டை எடுத்துப் புரட்டினார். விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"மார்ச் 28, முதல் நாளே வந்து பதிஞ்சிட்டார், ஐயா. காலமை எட்டே முக்காலுக்கு. தாயாரும் கூட வந்தவ."

"பிறப்புச் சான்றிதழ் பெட்டிக்குள் பூட்டியிருக்கிறது. சாவி என் இடுப்பில் இருக்கிறது."

"அது தேவையில்லை. அடையாள அட்டையே போதும்."

சமையலறையில் சிரிப்புச் சத்தம் கேட்கிறதல்லவா? இருபது வருடமாக, கதை இந்த இடத்துக்கு வந்தால் சிரிக்கிறாள். ஆனால் நீங்கள் படித்தவர், நிதானமாக யோசியுங்கள். அவர்கள் பதிந்தது யாரை? ஜூன் 30இல் பிறந்த ஒரு ஜெகதீசனை. என் மகன் ஜூலை 3இல் பிறந்தவன். அப்படியானால் என் மகன் பதியவில்லை. ஜூன் 30இல் பிறந்த ஜெகதீசன் என்று ஒருவன் இந்த உலகத்திலேயே கிடையாது. ஆக, மறுப்பு மறுப்பாகவே இருக்கிறது. இதை நான் கனகரத்தினத்திடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்ப அந்தத் தேதியைக் கொடுத்தது ஆர்?"

"நான்."

"பொய்யெண்டு தெரிஞ்சே கொடுத்தனீங்களோ?"

"மகம் என்று தெரிந்து கொடுத்தேன்."

அவர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஐயா, நீங்கள் இதை எனக்குச் சொல்லேல்லை எண்டு வைப்பம். பதிஞ்ச பிள்ளையள் பத்துப் பேரில ஒருத்தரைத்தான் முழுநேரத்துக்கு எடுப்பினம், அதுவும் ரெண்டு வருசம்தான். மற்றவை வேலைக்குப் போய்க்கொண்டே பின்னேரத்தில பயிற்சிக்கு வரலாம். உங்கட மகனுக்குப் பட்டறை வேலையும் இருக்கும், இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டையும் வந்திடுவார். பேசாமல் வீட்டை போங்கோ."

"ஜகத்தை ஆளப் பிறந்தவனைப் பத்தில் ஒருவனாக எடுக்காமல் விடுவார்களா?" என்றேன். "அதுவும் இல்லாமல் அவன் மகத்தில் பிறக்கவே இல்லையே" என்றும் சொன்னேன். இரண்டும் உண்மை. கனகரத்தினம் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். நான் பையிலிருந்து பதினோராவது மனுவை எடுத்து வைத்தேன். முந்தின இரவே தயார் செய்தது, கடைசி ஆயுதம். 1949இல் நடந்ததெல்லாம் ஏழு பக்கம், மூன்று நகல்.

"இதை நான் வாங்கினால் மேல அனுப்ப வேண்டி வரும்" என்றார்.

"அதற்காகத்தான் மூன்று நகல்" என்றேன்.

அப்புறம் நடந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன். அரசாங்கத்தால் என் மகனைத் தொட முடியவில்லை, ஆகவே என் மேல் பாய்ந்தது. போலீஸ் நிலையத்தில் பொய்த் தகவல் கொடுத்த குற்றம் என்று மே மாதம் சம்மன் வந்தது. ஜூன் 6ஆம் தேதி கோர்ட். இருபத்தைந்து வெள்ளி அபராதம், கட்டாவிட்டால் ஏழு நாள் சிறை. நான் ஏழு நாளைத் தேர்ந்தெடுத்தேன். தேசிய சேவையை மறுத்ததற்காக என்று தீர்ப்பில் சேர்க்கும்படி மாஜிஸ்திரேட்டைக் கேட்டுக்கொண்டேன். அவர் மறுத்துவிட்டார். மறுப்பது அவருக்கும் தெரிந்திருந்தது.

சிறையில் என்னோடு நான்கு பேர் இருந்தார்கள். அதில் ஒருவன் சைக்கிள் திருடன், மன்னார்குடிப் பக்கத்துக்காரன்.

"என்னா பண்ணிட்டு வந்தீங்க பெருசு?"

"பட்டாளத்துக்குப் போக மறுத்துட்டேன்."

அவன் என் தலைமுடியிலிருந்து கால்வரை பார்த்தான். "உங்களையா கூப்புட்டாங்க?"

"கூப்புடல. இருந்தாலும் மறுத்துட்டேன்."

"அது சரி. நானும் அப்படித்தான். யாரும் குடுக்கல, இருந்தாலும் எடுத்துக்கிட்டேன்."

நல்ல பையன். அவனுக்கு ஒரு கருணை மனு எழுதிக் கொடுத்தேன். அதைப் பார்த்து மற்றவர்களும் கேட்டார்கள். இரண்டு நாளில் ஒன்பது மனு. மூன்றாம் நாள் காலையில் ஒரு வார்டர் சௌந்தரத்தைப் பார்த்து, நீங்கள் அபராதத்தைக் கட்டாவிட்டால் நாங்களே எங்களுக்குள் வசூல் செய்து கட்டிவிடுவோம் என்றாராம். அவள் வந்து கட்டிவிட்டாள். ஐந்து நாள் பாக்கி இருந்தது. அந்த ஐந்து நாளை இன்றுவரை நான் அவளுக்கு மன்னிக்கவில்லை. இருந்தாலும் சிறை சிறைதான். இரண்டு நாள் என்று போடாதீர்கள், "சிறை சென்றார்" என்று போடுங்கள்.

ஜூலை 12, தபால் வந்தது. பிறந்த தேதி ஜூலை 3 என்று திருத்தப்பட்டது, ஜெகதீசனின் பதிவு ரத்து, அழைக்கப்படும் முதல் தொகுதியில் அவன் சேர மாட்டான். என் இருபத்தோரு வருடத் தொழிலில் ஒரு மனுவுக்கு இவ்வளவு முழுமையான பதில் வந்ததில்லை. தெருவில் வீட்டுக்கு இரண்டு லட்டு கொடுத்தேன். ஹம்சாவுக்கும் அனுப்பினேன். ஜெகதீசனிடம் கடிதத்தைக் கொடுத்தேன். படித்தான். மடித்தான். திரும்பவும் பிரித்துப் படித்தான்.

"பட்டறையில மூணு பேருப்பா நாங்க. மூணு பேரும் ஒண்ணாத்தான் போய்ப் பதிஞ்சோம்."

"இனிமே ரெண்டு பேர். லட்டு எடுத்துக்க."

எடுத்துக்கொள்ளவில்லை. அவனுக்கு இனிப்பு அவ்வளவாகப் பிடிக்காது.

ஆகஸ்ட் 16, புதன்கிழமை, வட்டாரத்துப் பையன்களுக்கு வழியனுப்பு விருந்து. மறுநாள் காலை லாரியில் முகாமுக்குப் போகிறார்கள். மேளம், மாலை, பிரியாணி எல்லாம் இருந்தது. பட்டறைப் பையன்களில் ஒருவனுக்கு முழுநேரம் கிடைத்திருந்தது, இன்னொருவனுக்குச் சாயங்காலப் பயிற்சி. என்னையும் அழைத்திருந்தார்கள், எல்லாப் பெரியவர்களையும் அழைத்திருந்தார்கள். நான் போய்ச் சாப்பிட்டேன். கொள்கை வேறு, பிரியாணி வேறு. ஜெகதீசன் உட்காரவில்லை. கொட்டகைக்கு வெளியே நின்று, போகிற பையன்களுக்குப் பெட்டி கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தான். நான் கை கழுவப் போனபோது அவனிடம் சொன்னேன்.

"நீயும் அந்த லாரியில போயிருப்ப. யாரு காப்பாத்துனது?"

அவன் கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டே பேசினான். சத்தம் போடவில்லை. அவன் எப்போதும் சத்தம் போடுகிறவன் இல்லை.

"எனக்கு வர்ற லெட்டரை எல்லாம் நீங்கதான் படிக்கிறீங்க. நான் சொல்ல வேண்டியதை எல்லாம் நீங்கதான் டைப் அடிக்கிறீங்க. நான் எந்த நாள்ல பொறந்தேன்னு ரெண்டு தடவை நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. என் பேரை நானா எழுதுனது அந்த ஒரு எடத்துலதான்பா. அதையும் அடிச்சிட்டீங்க."

"உன் கையெழுத்துக் கோணலா இருக்கும்டா" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன், இடது கை.

"இருக்கட்டும்பா" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். சிரித்தால் சமாதானம் என்றுதானே அர்த்தம்? நான் இன்னொரு தட்டு பிரியாணி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினேன். பெட்டியின் மேல் இல்லை, தலையணையில்.

இதற்குப் பிறகு எழுத அதிகம் இல்லை. தேதிகளை மட்டும் சரியாகப் போடுங்கள், அதில் நான் கண்டிப்பானவன். 1967 ஆகஸ்ட் 21, திங்கட்கிழமை, காலை ஏழரை மணிக்கு ஜெகதீசன் தானாகவே போய் நிரந்தரப் படையில் முழுநேரச் சிப்பாயாகச் சேர்ந்தான். பெற்றோர் சம்மதம் என்ற இடத்தில் சௌந்தரம் கையெழுத்துப் போட்டாள். ஒப்பந்தம் ஆறு வருடம்.